பதினைந்து நாள் மருந்து எட்டு மாதம் நீண்டால்

கேள்வி: எனக்கு வயது 38. பிறந்து வளர்ந்தது கும்பகோணம். கல்யாணமாகி தருமபுரிக்கு வந்து பன்னிரண்டு வருடமாகிறது. வங்கிக் கவுன்டரில் வேலை. போன வருடம் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்ததால் ஒரு கிளினிக்கில் பல் சுத்தம் செய்துகொண்டேன். அப்போது ஒரு மவுத்வாஷ் எழுதிக் கொடுத்தார்கள். குளோர்ஹெக்சிடின் 0.2% என்று பாட்டிலில் போட்டிருக்கிறது. ரத்தம் நின்றது, வாயும் மணமாக இருந்தது. அதனால் சீட்டு இல்லாமலேயே மெடிக்கல் ஷாப்பில் அதையே வாங்கி, காலையும் இரவும் பல் தேய்த்த கையோடு கொப்பளித்து வருகிறேன். எட்டு மாதமாகிவிட்டது. இப்போது முன்பற்களின் ஓரத்தில் பழுப்புக் கறை. இந்த ஊர்த் தண்ணீர் அப்படித்தான் என்கிறார்கள். சமையலில் உப்பு சரியாகத் தெரிவதில்லை. நான் வைக்கும் குழம்பு கரிக்கிறது என்று வீட்டில் தினமும் பேச்சு. ஈறில் ரத்தமும் மறுபடி எட்டிப் பார்க்கிறது. ஆனால் நிறுத்தினால் வாய் நாறுமோ என்று பயமாக இருக்கிறது. ஐந்து வயது மகன் தனக்கும் வேண்டும் என்கிறான். குழந்தைகளுக்கென்று ஃப்ளோரைடு மவுத்வாஷ் விற்கிறதே, வாங்கித் தரலாமா? மாமியார், “உப்புத் தண்ணியும் நல்லெண்ணெயும் போதாதா” என்கிறார். அவர் வெற்றிலை பாக்கு போடுகிறவர். வாசனை போக அவரும் என் பாட்டிலில்தான் கொப்பளிக்கிறார். மவுத்வாஷ் தினமும் பயன்படுத்தலாமா, கூடாதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் வேலையாக, இன்று இரவிலிருந்து அந்த பாட்டிலை நிறுத்திவிடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டியதில்லை. நிறுத்துவதால் எந்தக் கெடுதலும் வராது. அடுத்து, இந்த வாரத்துக்குள் ஒரு பல் மருத்துவரிடம் போய் ஈறைக் காட்டுங்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

மவுத்வாஷ் என்று கடையில் ஒரே வரிசையில் நிற்கும் பாட்டில்களுக்குள் இருப்பது ஒரே பொருள் இல்லை. சிலவற்றில் வெறும் மணமும் குளிர்ச்சியும்தான். அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு வாசனை தரும், அவ்வளவே. சிலவற்றில் தைமால், யூகலிப்டால், மென்தால் போன்ற எண்ணெய்ச் சத்துகளோ, செட்டில்பிரிடினியம் குளோரைடு என்ற கிருமிநாசினியோ இருக்கும். சிலவற்றில் சொத்தையைத் தடுக்க ஃப்ளோரைடு இருக்கும். உங்கள் கையில் இருக்கும் குளோர்ஹெக்சிடின் இவற்றிலிருந்து தனி ரகம். அது மருந்து. ஆரம்பிக்கும் நாளும் முடிக்கும் நாளும் சொல்லித்தான் அதை எழுதுவோம். பல் சுத்தம் செய்தபின், ஈறில் அறுவை சிகிச்சை செய்தபின், பிரஷ் வைக்க முடியாதபடி வலி இருக்கும்போது, வழக்கமாக ஒன்று அல்லது இரண்டு வாரம். அந்தச் சீட்டில் நாள் கணக்கு நிச்சயம் இருந்திருக்கும். மருந்துக் கடையில் சீட்டைக் கேட்காமல் கொடுக்கிறார்கள், பாட்டிலும் பார்ப்பதற்குச் சாதாரண மவுத்வாஷ் போலவே இருக்கிறது, அதனால் இது நீண்டுகொண்டே போகிறது. என்னிடம் வருகிறவர்களிலும் இப்படி மாதக்கணக்கில் பழகிவிட்டவர்கள் உண்டு.

இந்த மருந்து நல்ல மருந்து என்பதையும் சொல்லியாக வேண்டும். 1965-ல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும், ஈறு ஆரோக்கியமாக இருந்த 12 பேரைப் பல் தேய்ப்பதை நிறுத்தச் சொல்லிப் பார்த்தார்கள். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கிச் சிவந்தது. மறுபடி தேய்க்க ஆரம்பித்ததும் ஒரு வாரம் போலத்தான் ஆனது, ஈறு பழையபடி ஆகிவிட்டது. ஈறு நோய்க்கு மூல காரணம் பல்லில் படியும் கிருமிப் படலம்தான் என்று அப்போதுதான் தெளிவாக நிரூபணமானது. 1970-ல் லோவும் ஷியாட்டும் செய்த அடுத்த ஆய்வில், பல்லே தேய்க்காமல் 0.2% குளோர்ஹெக்சிடினை 10 மி.லி. வீதம் தினம் இரண்டு வேளை கொப்பளித்தவர்களுக்கு அந்தப் படலம் படியவே இல்லை. கொப்பளிக்கும் மருந்துகளில் இன்றைக்கும் இதற்குத்தான் முதலிடம்.

அவ்வளவு நல்ல மருந்து என்றால் உங்களுக்கு ஏன் மறுபடி ரத்தம் வருகிறது? அந்த ஆய்வில் மருந்து பட்டது சுத்தமான பல்லில். புதிதாகப் படலம் படியாமல் தடுக்க அதற்குத் தெரியும். ஏற்கெனவே ஊறி ஒட்டிப்போன படலத்தை அது பெயர்த்தெடுக்காது. குளத்துப் படிக்கட்டில் பாசி பிடித்திருந்தால் எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் போகாது, தேய்த்தால்தான் போகும். ஈறுக்கு அடியில் அந்தப் படலம் கெட்டிப்பட்டுக் காரை கட்டியிருந்தாலோ, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் பை போல இடம் விட்டிருந்தாலோ, கொப்பளிக்கும் திரவம் அந்த ஆழத்துக்கு இறங்குவதே இல்லை. மேலே மணமாக இருக்க, கீழே நோய் தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். போதாததற்கு, இந்த மருந்தை நீண்ட நாள் பயன்படுத்தினால் காரை இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே சேரும்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. பல் தேய்த்த கையோடு கொப்பளிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பேஸ்ட்டில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட் குளோர்ஹெக்சிடினோடு ஒட்டிக்கொண்டு அதன் வேகத்தைக் குறைத்துவிடும். அதனால்தான் இரண்டுக்கும் நடுவில் அரை மணி நேரமாவது விடச் சொல்கிறோம். ஆக, மருந்தின் பலனில் பாதி போய், பக்க விளைவு மட்டும் முழுசாக உங்களிடம் தங்கியிருக்கிறது.

கறைக்கு வருகிறேன். தருமபுரித் தண்ணீரின் மேல் பழி போடுவது உங்கள் ஊரில் இயல்பு. அதற்குக் காரணமும் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அந்தப் பாதிப்பைக் குறைக்கத்தான். ஆனால் ஃப்ளோரைடு பல்லைக் கறைப்படுத்துவது, பல்லின் எனாமல் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில் மட்டும்தான். ஞானப்பல் நீங்கலாக, சுமார் எட்டு வயதுக்குள் அந்த வேலை முடிந்துவிடும். உங்கள் பற்கள் கும்பகோணத்தில் உருவானவை. இருபத்தாறு வயதில் இங்கே வந்து குடித்த தண்ணீர் அவற்றின் நிறத்தை மாற்ற வழியே இல்லை. ஃப்ளோரைடு கறை பல்லோடு பல்லாக, வெண்மையான சுண்ணாம்புத் திட்டும் பழுப்புக் கோடுமாக, இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்கும். உங்களுடையது பல்லின் ஓரத்திலும் இடுக்கிலும் எட்டு மாதத்தில் புதிதாக வந்திருக்கிறது. குளோர்ஹெக்சிடின் பல்லின் மேல் ஒட்டிக்கொண்டு பல மணி நேரம் வேலை செய்யும் குணமுள்ளது. டீ, காபியின் சாயத்தை அது அங்கேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. நாக்கிலும் பழுப்பு படிந்திருக்கும், கண்ணாடியில் பாருங்கள்.

இது மேலோடு படிந்த கறை. கிளினிக்கில் சுத்தம் செய்து பாலிஷ் போட்டால் போய்விடும். அதுவரை பொறுமையாக இருங்கள். கரித்தூள், செங்கல் பொடி, எலுமிச்சைச் சாறும் உப்பும் என்று யார் எதைச் சொன்னாலும் பல்லில் வைத்துத் தேய்க்காதீர்கள். கறையோடு எனாமலும் தேய்ந்து போகும். போன எனாமல் திரும்பி வராது.

உப்பு தெரியாமல் போவதும் இந்த மருந்தின் வேலைதான். குறிப்பாக உப்புச் சுவையைத்தான் அது மங்கச் செய்கிறது. நிறுத்தியபின் சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் நாக்கு பழையபடி ஆகிவிடும். அதுவரை சமையலில் உப்புப் பார்க்கும் பொறுப்பை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். வீட்டில் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் இருந்தால் எட்டு மாதமாக அவருக்கும் கூடுதல் உப்பு போயிருக்கும், ஒருமுறை பி.பி. பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நிறுத்தினால் வாய் நாறுமோ என்ற பயம்தான் உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உறைத்தது. கவுன்டரில் நாள் முழுக்க முகத்துக்கு முகம் பேசுகிற வேலை. அந்தப் பயம் உங்களுக்கு வந்ததில் தப்பே இல்லை. அந்தப் பயத்தை வளர்த்து விற்றவர்களும் உண்டு. 1879-ல் அமெரிக்காவில் ஜோசப் லாரன்ஸ் என்ற மருத்துவர் உருவாக்கிய லிஸ்டரின் முதலில் அறுவை சிகிச்சைக்கான கிருமிநாசினி. 1920-களில்தான் வாய் நாற்றத்துக்கு ‘ஹாலிட்டோசிஸ்’ என்று நோயின் தோரணையில் பெயர் சொல்லி, அதனால் திருமணமே நடக்காமல் போகும் என்கிற அளவுக்கு விளம்பரம் செய்து வீட்டு அலமாரிக்குள் கொண்டுவந்தார்கள். சளி, தொண்டை வலி வராமல் தடுக்கும் என்றும் பல பத்தாண்டுகள் விளம்பரம் ஓடியது. அது உண்மையில்லை என்று திருத்தி விளம்பரம் செய்யும்படி 1975-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் உத்தரவு போட வேண்டியதாயிற்று. விளம்பரம் சொல்லும் தேவை வேறு, உங்கள் வாய்க்கு உள்ள தேவை வேறு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

வாய் நாற்றம் பெரும்பாலும் வாய்க்குள்ளேயேதான் பிறக்கிறது. நாக்கின் பின்பக்கத்திலும், ஈறின் பைகளிலும், பல்லிடுக்கில் தங்கும் உணவிலும் காற்றுப் படாமல் வாழும் கிருமிகள் புரதத்தைச் சிதைத்துக் கந்தக வாயுக்களை விடுகின்றன. அழுகிய முட்டையில் வரும் ஹைட்ரஜன் சல்பைடு அவற்றில் ஒன்று. ஆகவே நாக்கையும் ஈறையும் கவனித்தால் நாற்றத்தின் பெரும்பகுதி போய்விடும். நம் வீடுகளில் நாக்கு வழிக்கும் பழக்கம் இருக்கிறது, நல்ல பழக்கம். ஆனால் பலரும் முன்பாதியை மட்டும் வழித்துவிட்டு வந்துவிடுகிறார்கள். வழிப்பானை முடிந்தவரை பின்னால் வைத்து, அழுத்தாமல், மூன்று நான்கு முறை முன்னோக்கி இழுங்கள். மூச்சை வெளியே விட்டபடி செய்தால் குமட்டல் குறையும்.

உமிழ்நீர் வற்றினாலும் நாறும். காலையில் அவசரமாக ஒரு காபி, பிறகு ஏ.சி. அறையில் மணிக்கணக்காகப் பேச்சு, தண்ணீர் குடிக்க நேரமில்லை என்றால் மத்தியானம் எவருக்கும் வாய் வாடை வரும். கவுன்டரில் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டு அவ்வப்போது இரண்டு மடக்குக் குடியுங்கள். அலர்ஜி, ரத்த அழுத்தம், மனச்சோர்வு இவற்றுக்கான சில மாத்திரைகளும் வாயை உலர வைக்கும். அப்படி ஏதாவது சாப்பிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். உள்ளங்கையில் ஊதிப் பார்ப்பதை நம்பாதீர்கள், நம் மூக்கு நம் வாயின் வாசனைக்குப் பழகியிருக்கும். கணவரிடமோ அக்கா தங்கையிடமோ வெளிப்படையாகக் கேளுங்கள். நாறவில்லை என்று அவர்கள் சொன்னால் நம்புங்கள்.

இனி தினமும் எப்படி? இரவு பல் தேய்ப்பதுதான் முக்கியம், அதைத் தவறவிடாதீர்கள். மென்மையான பிரஷ். அதைப் பல்லும் ஈறும் சேரும் கோட்டில் சற்றே சாய்த்து வைத்து, சின்னச் சின்ன அசைவாக, இரண்டு நிமிடம். ரத்தம் வருகிற இடத்தைப் பார்த்து ஒதுங்கிப் போவது பலர் செய்கிற தவறு. அந்த இடத்தில்தான் படலம் இருக்கிறது, அதனால்தான் ரத்தம். அங்கே மென்மையாக, ஆனால் விடாமல் தேய்க்க வேண்டும். பல்லிடுக்குக்கு ஃப்ளாஸ் அல்லது இடுக்குக்கென்றே வரும் சின்ன பிரஷ். உங்கள் இடுக்குக்கு எந்த அளவு சரி என்று மருத்துவர் போட்டுக் காட்டுவார்.

தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்புங்கள். செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றி அலசும் நம் வழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்வேன். பேஸ்ட்டில் உள்ள ஃப்ளோரைடு பல்லில் கொஞ்ச நேரம் தங்கினால்தான் பலன். அதற்குப் பின் அரை மணி நேரம் எதுவும் சாப்பிட, குடிக்க வேண்டாம். பல் தேய்த்த உடனே மவுத்வாஷ் வேண்டாம் என்று சொல்வதும் இதே காரணத்துக்குத்தான். நம் நாட்டு ஃப்ளோரைடு பேஸ்ட்டில் சுமார் 1,000 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு) வரை ஃப்ளோரைடு இருக்கும். தினசரி உபயோகத்துக்கான 0.05% சோடியம் ஃப்ளோரைடு மவுத்வாஷில் இருப்பது சுமார் 225 பி.பி.எம்.தான். அதிகமாக இருப்பதைக் கழுவிவிட்டுக் குறைவானதைப் பூசிக்கொள்வதில் என்ன லாபம்?

இப்போது உங்கள் நேரடிக் கேள்வி. குளோர்ஹெக்சிடின் தினமும் கூடாது. மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும். மற்ற ரகங்களைத் தினமும் பயன்படுத்தலாம், ஆனால் ஆரோக்கியமான வாய் உள்ளவருக்கு அவசியம் இல்லை. பல்லுக்குக் கம்பி போட்டிருப்பவர்கள், அடிக்கடி சொத்தை விழுகிறவர்கள், புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்ததால் உமிழ்நீர் வற்றியவர்கள், கை நடுங்கி பிரஷ் பிடிக்க முடியாத முதியவர்கள் ஆகியோருக்கு நானே எழுதிக் கொடுக்கிறேன். உங்களுக்கு ஆசையாக இருந்தால் ஆல்கஹால் இல்லாத ஒன்றை மதியச் சாப்பாட்டுக்குப் பின் கொப்பளியுங்கள். வாயில் நல்லது செய்யும் கிருமிகளும் இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். கீரையிலும் பீட்ரூட்டிலும் உள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றி ரத்தக் குழாய் தளர உதவுவது நாக்கில் வாழும் சில கிருமிகள்தான். குளோர்ஹெக்சிடின் கொப்பளித்தவர்களுக்கு ரத்த அழுத்தம் சிறிதளவு கூடியதைச் சில சிறிய ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். தேவையில்லாமல் தினமும் எல்லாக் கிருமியையும் அழிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மகனுக்கு வேண்டாம். ஆறு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு எந்த மவுத்வாஷும் கொடுப்பதில்லை. கொப்பளித்துத் துப்பத் தெரியாமல் விழுங்கிவிடுவார்கள். தருமபுரியில் அதற்கு மேலும் ஒரு காரணம் இருக்கிறது. தண்ணீரில் பாதிப்பு வருமானால் அது அவனுக்குத்தான் வரும், அவனுடைய நிரந்தரப் பற்கள் இப்போது உருவாகிக்கொண்டிருக்கின்றன. வீட்டில் போர்வெல் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்தினால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்து ஃப்ளோரைடு அளவைப் பாருங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். அளவு அதிகமென்றால் சோறு, குழம்பு, பால் கலக்குவது எல்லாவற்றுக்கும் கூட்டுக் குடிநீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ பயன்படுத்துங்கள்; அவனுக்கு எந்த பேஸ்ட் என்பதையும் மருத்துவரிடம் அந்த அறிக்கையைக் காட்டிக் கேட்டு முடிவு செய்யுங்கள். எந்த பேஸ்ட்டாக இருந்தாலும் பட்டாணி அளவுதான், நீங்களே பிழிந்து கொடுத்து, பக்கத்தில் நின்று துப்ப வையுங்கள்.

மாமியார் சொன்ன உப்புத் தண்ணீரை நானும் மதிக்கிறேன். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு. வாய்ப்புண்ணுக்கும், பல் பிடுங்கிய மறுநாளிலிருந்தும் நாங்களே சொல்வது அதைத்தான். நல்லெண்ணெய் கொப்பளிப்பதால் படலமும் ஈறு வீக்கமும் ஓரளவு குறைந்ததாகச் சில சிறிய ஆய்வுகள் உண்டு. பிடித்திருந்தால் செய்யலாம், விழுங்காமல் துப்ப வேண்டும். உடம்பின் நஞ்சையெல்லாம் எண்ணெய் இழுத்துவிடும் என்ற பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டுமே பிரஷ்ஷின் வேலையைச் செய்யாது.

ஆனால் அந்த அம்மாவைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. புகையிலை சேர்க்காத பாக்குக்கும் இது பொருந்தும். மவுத்வாஷ் வாசனையை மறைக்கும், அந்த ஆபத்தைத் துளியும் குறைக்காது. பகல் வெளிச்சத்தில் அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கின் ஓரத்திலோ வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் இருக்கிறதா? காரம் பட்டால் எரிகிறது என்கிறாரா? அவருடைய மூன்று விரல்களை நிறுத்தி வைத்து வாய்க்குள் நுழைக்க முடிகிறதா? இவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும் தள்ளிப் போடாதீர்கள். எல்லாம் சரியாக இருந்தாலும், நீங்கள் போகும்போது அவரையும் அழைத்துப் போய் ஒருமுறை காட்டிவிடுங்கள். பாக்கை விடச் சொல்லி நீங்கள் சொன்னால் சண்டையாகலாம். மருத்துவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

தனியார் கிளினிக்தான் என்றில்லை, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவிலும் இதைப் பார்ப்பார்கள். போகும்போது அந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு போங்கள், எத்தனை மாதம் கொப்பளித்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தத்தில் சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு ஆறாது, ஈறு நோய் முற்றினால் சர்க்கரையும் கட்டுப்படாது. மருத்துவர் மெல்லிய அளவுகோலால் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஈறின் ஆழத்தை அளப்பார். மூன்று மில்லிமீட்டர் வரை இயல்பு. நாலு, ஐந்து என்று வந்தால் ஈறுக்கு அடியிலும் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். அந்த அளவுகளை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கி வையுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி அளக்கும்போது, ஈறு தேறியிருக்கிறதா என்று ஒப்பிட அந்தத் தாள் தேவைப்படும்.